சேர்ப்பது பாதி, காப்பது பாதி
(ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்கள் பல, இங்கே ஓரறை வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அடிக்கடி வீடு மாறுவார்கள். அந்தப் பிள்ளைகளும் அஞ்சல்தலை சேர்க்கலாம்; காக்கும் முறையை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

பசை, செலோடேப், லேமினேஷன் மூன்றும் ஆகாது. உறையிலுள்ள தலையை ஓரத்தாளோடு வெட்டிக் குளிர்ந்த நீரில் போட்டால், சிறிது நேரத்தில் கழன்றுவிடும். வெள்ளைத் துணியில் கவிழ்த்து உலர்த்திப் புத்தகத்துக்கடியில் வைத்தால் சுருளாது.

தொகுப்பு வளரும். எனவே தைத்த நோட்டு வேண்டாம். தாள்களைக் கழற்றி மாட்டும் கோப்பு நல்லது. ஒவ்வொரு தலைப்பிலும் இடம் விடட்டும். எண், ஆண்டு, கிடைத்த விதம் ஆகியவற்றை இருப்புப் பதிவேடுபோல் எழுதட்டும். 1962இல் வெளிவந்த இராமானுஜன் தலையைக் 'கணிதம்' பக்கத்தில் வைப்பதா, 'தமிழ்நாடு' பக்கத்திலா? பிள்ளையே முடிவு செய்யட்டும். காரணத்தை மட்டும் கேளுங்கள். வகைப்படுத்தும் பாடம் அதில்தான் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோப்பு தரையிலோ ஈரச்சுவரை ஒட்டியோ இருக்கக் கூடாது. உயரமான தட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விடலாம்.

அஞ்சல்துறையின் தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டம் 2017இல் தொடங்கியது. 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களில் தேர்வாகிறவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.6,000 உதவித்தொகை. விண்ணப்பிக்கும் மாணவர் பள்ளி அஞ்சல்தலை மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையேல் சொந்தமாகச் சேகரிப்புக் கணக்கு வேண்டும். கணக்குக்குப் பணம் கட்ட முடியாத வீடுகள் உண்டு. மன்றம் தொடங்குவது நம் கையில் இருக்கிறது. இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.