திரையை விலக்கிய அம்மையார்

அமெரிக்காவில் 1939-ம் வருஷம் எம்.ஜி.எம். கம்பெனியார் 'விசார்ட் ஆப் ஆஸ்', அதாவது ஆஸ் தேசத்து மந்திரவாதி, என்றொரு படம் எடுத்தார்கள். 1956-ல் அது முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வந்தது. 1959 முதல் பல வருஷகாலம் ஆண்டுக்கொரு தடவை காட்டப்பட்டு வந்தபடியால், அந்நாட்டில் பிள்ளைப் பருவத்திலேயே அதைப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களில் அநேகர் வயதான பின்பும் மறவாமல் சொல்லுவது என்ன? பச்சை முகச் சூனியக்காரியைக் கண்டு நடுங்கியதைத்தான்!

இதிலொரு வேடிக்கை பாருங்கள். அப்படத்தில் நெருப்பும் புகையும் இடிக்குரலுமாய் மிரட்டுகிற மகா மந்திரவாதி ஒருவன் வருகிறான். ஒரு சின்ன நாய் போய்த் திரையை இழுக்கிறது. உள்ளே யார்? விசையைத் திருகிக்கொண்டு ஒலிபெருக்கியில் கத்துகிற சாதாரணக் கிழவன்! அப்பொழுதும் தன்னைப் பார்க்கக்கூடாதென்றே உத்தரவு போடுகிறான். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவனிடம் பயம் போய்விட்டது. சூனியக்காரியிடம் மட்டும் ஏன் போகவில்லை? அவளுடைய திரையை எந்த நாயும் இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் யார்? மார்கரெட் ஹாமில்டன் என்னும் அம்மையார். நடிக்க வருமுன் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயினி. கதையிலே நெருப்பை ஏவுகிற அந்தச் 'சூனியக்காரி'யை 1938 டிசம்பரில் படப்பிடிப்பு நெருப்பே முகத்திலும் கையிலும் சுட்டுவிட்டது. ஆறு வாரம் வேலைக்கு வர முடியவில்லை. மந்திரம் எங்கே போயிற்று? வீட்டையே தூக்கிச் சென்ற சூறாவளியும் சுமார் 35 அடி நீளத் துணிக்குழாய்தான்!

1975-ல் அவ்வம்மையார், பிரெட் ரோஜர்ஸ் என்பவர் குழந்தைகளுக்காக நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சாதாரண உடையில் வந்தார். கறுப்பு உடுப்பையும் தொப்பியையும் பிள்ளைகள் பார்க்கவே ஒவ்வொன்றாக அணிந்து, இது வெறும் வேஷம் என்று விளக்கினார்.

தோழர்களே! இதனால் படத்தின் இன்பம் குறைந்ததா? யாதொன்றும் குறையவில்லை. வேலைப்பாட்டை அறிந்து பார்ப்பவனுக்கு ஆச்சரியம் இரட்டிப்பாகிறது; பயம் ஒன்றுதான் சாகிறது.

ஆகவே, பிள்ளைகளுக்குக் கற்பனைப் படங்களைத் தாராளமாகக் காட்டுங்கள். பயந்தால் அதட்டாதீர்கள், பரிகாசமும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அது எப்படிச் செய்யப்பட்டதென்று சொல்லுங்கள். தானாகவே திரையை விலக்கிப் பார்க்கப் பழகிய பிள்ளையை, பெரியவனான பிறகு எந்தப் புகையைக் காட்டியும் எவனாலும் மிரட்ட முடியாது.