பரம்பரை நோயா, பழக்கத்தில் வந்த நோயா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயற்குழுவில், "இந்த வருசம் உடல்நலத்தைப் பத்தி நம்ம உறுப்பினரே ஒருத்தர் பேசட்டும்" என்று முடிவானபோது நான்தான் கையைத் தூக்கினேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள். 26 வருசமாகப் பீடி சுற்றுகிறவள். ஆனால் நாலு வருசமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்து, டாக்டரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் பேசுகிறேன். தப்பாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு மூத்திரத்தில் ரத்தம் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, கட்டஞ்சாயா நிறத்தில் இரண்டு நாள் போகும், தானாக நின்றுவிடும். எங்கள் அத்தை, "சூட்டுக்கு அப்படித்தான் போகும், ரெண்டு இளநி குடிச்சா சரியாயிரும்" என்றார்கள். நின்றுபோனதும் நாங்களும் இளநிதான் கேட்டது என்று நம்பினோம். மறுபடி வந்தது. ஒரு இடத்தில் காட்டினோம். நீர்த்தாரையில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று தடவை அதே மாத்திரை. ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒரு வருசம் கழித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீர்ப்பையில் புற்றுநோய், தசை வரைக்கும் இறங்கிவிட்டது, நீர்ப்பையையே எடுக்க வேண்டும் என்றார்கள். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு வாழ மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். எட்டு மாதத்தில் போய்விட்டார்.

இரண்டு வருசம் கழித்து என் வீட்டுக்காரருக்கு அதே கட்டஞ்சாயா நிறம். இந்தத் தடவை நான் இளநி வாங்கப் போகவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ் ஏறிவிட்டோம். கையில் காசு இல்லை. என் குழு அன்றைக்கு ராத்திரியே கூடி உள்கடன் 20,000 ரூபாய் கொடுத்தது. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

இப்போது ஊரில் பேச்சு கிளம்பியது. "அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நோவுன்னா அது குடும்ப வாகு. அந்த வீட்டுல பொண்ணு எடுத்தா பேரப்பிள்ளைக்கும் வரும்." பெரியத்தான் மகளுக்கு ஒரு இடம் பேசி, பூ வைக்கத் தேதி குறித்திருந்தது. அவர்கள் பின்வாங்கினார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "சித்தி, எனக்கும் வருமா?" என்று கேட்டது. அதற்குப் பதில் தெரியத்தான் நான் நோட்டுப் போட்டேன்.

டாக்டரம்மா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். புகையிலை எரியும்போது ஆயிரக்கணக்கான ரசாயனம் வெளிவருகிறது. அதில் ஒரு கூட்டத்துக்கு அரோமேட்டிக் அமீன் என்று பெயர். புகையோடு நுரையீரலுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்ட, கடைசியில் நீர்ப்பையில் வந்து தேங்குகிறது. நாம் மூத்திரம் போகிற வரைக்கும் அந்த நச்சு நீர்ப்பையின் உள்தோலோடு கிடக்கிறது. பல வருசம் இப்படி நடந்தால் அந்தத் தோலில் இருக்கிற செல் கெட்டுப் போகிறது. புகையை இழுக்கிறது நெஞ்சில், நோய் வருகிறது அடிவயிற்றில். இது எனக்கு அதுவரை தெரியாது. பீடி குடித்தால் இருமல் வரும், நெஞ்சு கெடும் என்றுதான் நினைத்திருந்தேன். புகைக்கிறவர்களுக்கு நீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காம்.

இதே நச்சை முதலில் கண்டுபிடித்தது சாயப்பட்டறையில். 1895-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் ஊரில் லுட்விக் ரென் என்கிற அறுவை மருத்துவர், சிவப்புச் சாயம் தயாரிக்கிற ஆலைத் தொழிலாளிகளுக்கு நீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். அந்த வகையில் மிகக் கெட்ட பென்சிடின் சாயங்களை நம் நாட்டில் 1990-களிலேயே தடை செய்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் திருப்பூர்ப் பக்கம் சாய வேலைக்குப் போகிறார்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் சாயத்தூளைத் தொடாதே என்று போனில் பேசும்போது சொல்லி வையுங்கள்.

சரி, பரம்பரைக்கு வருகிறேன். ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்களில், ஒரே அளவு பீடி குடித்தவர்களில், சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. ஏன்? நம் ஈரல் இந்த நச்சை முறித்துக் கழித்து விடுகிறது. அந்த வேலையைச் செய்ய ஒரு நொதி இருக்கிறது. அது வேகமாக வேலை செய்யுமா, மெதுவாகச் செய்யுமா என்பது அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்த மரபணுவின் பெயர் என்.ஏ.டி.2. இங்கிலாந்தில் நீர்ப்பைப் புற்றுநோய் வந்த சாயத் தொழிலாளிகள் 23 பேரைச் சோதித்துப் பார்த்து, 1982-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 22 பேர் மெதுவான வகை.

இதைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்போ பரம்பரைதானே என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு இன்னொன்று சொன்னார்கள். இந்த வேகம், மெதுவு விஷயம் காசநோய் மாத்திரை ஒன்றை வைத்துத்தான் முதலில் தெரிய வந்ததாம். ஐசோநியாசிட் என்று பெயர். அந்த மாத்திரையை உடம்பு கழிப்பதும் இதே நொதிதான். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நம் ஜனங்களையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் பேர் மெதுவான வகை! அதாவது இந்தப் பந்தலில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல். எங்கள் வீட்டை வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். அதனால் அவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிட்டதா?

நம்ம ஊராட்சிக் குப்பை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவுக்குத் தினமும் வருகிறது. இன்னொரு தெருவுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான். வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தெருவில், மூட்டை மூட்டையாகக் குப்பை கொட்டினால் நாறும். கொட்டாமல் இருந்தால் அந்தத் தெருவும் சுத்தமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு வண்டி மெதுவாக வருகிறதோ என்னவோ, சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் பதினைந்து வயதிலிருந்து இரண்டு பேரும் தினம் ஒரு கட்டு குடித்தார்கள். அது உறுதி.

பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரே வீட்டில் ஒரே பழக்கம் இருந்ததும் அதில் கலந்திருக்கிறது. இன்னொன்று, அபூர்வமாகச் சில குடும்பங்களில் குடல் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் என்று பல பேருக்கு, அதுவும் இளவயதிலேயே வரும். அது நிஜமாகவே மரபில் வருவது. அப்படிப்பட்ட குடும்பத்தில் சிறுநீர்ப் பாதையிலும் வரலாம். அந்த மாதிரி இருந்தால் டாக்டரிடம் குடும்பத்தில் யார் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று சொல்லுங்கள். எங்கள் குடும்பம் அந்த வகை இல்லை என்று டாக்டரம்மா விசாரித்துவிட்டுச் சொன்னார்கள்.

இனி சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்த ஒரு கட்டை என் வீட்டுக்காரருக்குச் சுற்றிக் கொடுத்தது யார்? நான்தான். கம்பெனிக் கணக்குப் போக இலையிலும் தூளிலும் மிச்சம் பிடித்து, நல்ல இலையாகப் பார்த்து, அவருக்கென்று தனியாகச் சுற்றிச் சொளவு ஓரத்தில் வைப்பேன். கடையில் காசு கொடுக்க வேண்டாமே என்று பெருமையாக இருக்கும். இங்கே பாதிப் பேர் தலையைக் குனிகிறீர்கள். எனக்குத் தெரியும், நீங்களும் செய்கிறீர்கள்.

"அப்போ பீடி சுத்தறதையே விடச் சொல்லுதியா, சோத்துக்கு என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நான் விடவில்லை. நேற்று ராத்திரி கூட எண்ணூறு சுற்றி முடித்துவிட்டுத்தான் படுத்தேன். யாரோ ஒருத்தி வீட்டுக்காரர் அதைக் குடிப்பார் என்பது மனதில் உறுத்துகிறது. வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் அந்த உறுத்தலோடுதான் இருக்கிறேன். வீட்டுக்குத் தனிக்கட்டு சுற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டி உள்தோலோடு நின்றிருந்தது. மூத்திரத் துவாரம் வழியாகவே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள், வயிற்றில் கத்தி படவில்லை. அப்புறம் வாரம் ஒரு தடவை, ஆறு வாரம், நீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து விட்டார்கள். ஆமாம், பிறந்த பிள்ளைக்குத் தோளில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான்! அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி, மிச்சமிருக்கிற புற்றுச் செல்லோடு சண்டை போட வைக்கிறதாம். 1976-லிருந்தே இந்த வைத்தியம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் மருந்தை அடக்கி வைத்திருக்க வேண்டும். அன்றைக்கெல்லாம் கக்கூஸில் பிளீச்சிங் ஊற்றிக் கழுவுவது என் வேலை. இந்த நோய் திரும்பி வரும் குணம் உள்ளது. அதனால் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்தார்கள். பீடியை விடாதவர்களுக்குத் திரும்புவது அதிகம். அவர் விட்டுவிட்டார். நடுவில் இரண்டு தடவை திருட்டுத்தனமாகக் குடித்துப் பிடிபட்டார், அது வேறு கதை.

பெண்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நோய் ஆண்களுக்குத்தான் அதிகம். ஆனால் நமக்கு வந்தால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. ரத்தத்தைப் பார்த்தால் மாதவிலக்கு என்கிறோம், நின்ற வயதாக இருந்தால் கர்ப்பப்பைக் கோளாறு என்கிறோம், நீர்க்கடுப்பு என்று மாத்திரை போட்டுக்கொள்கிறோம். மூத்திரத்தில் ரத்தம் என்றால் ஒரே ஒரு தடவை வந்து நின்றாலும் மூத்திரப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம். அது பார்த்தால்தான் தெரியும். வலி இல்லை என்பதற்காகச் சும்மா இருக்காதீர்கள். பெரியத்தானுக்கும் வலி இல்லை.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நீ பீடி குடிக்கப் போறதில்ல. உன்னைக் கட்டுறவன் குடிக்காம இருக்கானான்னு பாரு." இப்போது வேறு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டு நோயைப் பற்றிக் கேட்டார்கள், நோட்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் பையனிடம், "தம்பி, பீடி சிகரெட் உண்டா?" என்று கேட்டேன். கூட வந்த அவன் மாமா சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். பையன் இல்லை என்றான். அவன் சிநேகிதர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சாப்பாட்டுக்கு அப்புறம் பந்தல் பின்பக்கம் வாங்க. எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு வாங்க.