அம்மாவின் கூலி

(சங்க ஆண்டு விழாவில் ஒரு மாணவி பேசியது)



நான் மும்பையில் பி.காம். படிக்கிறேன். தொழில்முனைவு என்று எங்களுக்கு ஒரு பாடம். பரீட்சை எழுதினால் போதாது. ஒரு பொருளை விற்றும் காட்ட வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது சாம்பார் பொடி. அம்மா வறுத்து, மில்லில் அரைத்துத் தந்தாள். கால் கிலோ பாக்கெட்டுக்குச் சாமான், அரைவை, கவர் எல்லாம் சேர்ந்து 60 ரூபாய். விலை 80. மாட்டுங்காவில் தெரிந்தவர்களிடமே 40 பாக்கெட்டும் விற்றுவிட்டன. 800 ரூபாய் லாபம் என்று பெருமையுடன் கணக்கைக் கொடுத்தேன்.

"அம்மாவின் கூலி எங்கே?" என்றார் பேராசிரியை.

12 மணி நேர வேலை. மணிக்கு 75 ரூபாய் என்றாலும் 900. ஆக, எனக்கு 100 ரூபாய் நஷ்டம்!

1959-ல் இதே மும்பையில், கிர்காமில், 7 பெண்கள் 80 ரூபாய் கடனில் ஆரம்பித்தது லிஜ்ஜத் பப்பட். அங்கே அப்பளம் இடுகிறவர்களுக்குக் கூலியும் உண்டு, பங்கும் உண்டு என்று வகுப்பில் படித்தோம். படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த முறை விலை 95. 40-ல் 36 தான் போயிற்று. அம்மாவுக்கு 900 போக எனக்கு 120 மிச்சம்.

"ஆத்துக் காரியத்துக்குக் கூலியா?" என்று முதலில் மறுத்தாள் அம்மா. பிறகு வாங்கிக்கொண்டு, "நான் சம்பாதிச்ச முதல் பணம்டீ" என்றாள்.

பொடி, ஊறுகாய், பட்சணம் செய்து விற்கும் மாமிகளே, விலை போடும்போது உங்கள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.