தொட்டில் கட்டுவதற்கு முன்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறிகட்டுவானில் நயினாதீவுக்கு வள்ளம் ஏறிய எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வரம் கேட்டு நாகபூசணி அம்மனிடம் போகிற ஒரு சோடியாவது அந்தக் கூட்டத்தில் இருக்கும். அவர்களில் பெண்ணைத்தான் சனம் திரும்பிப் பார்க்கும். காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. கலியாணவீட்டில் ஆராத்தி எடுக்க அவளைக் கூப்பிடமாட்டோம். 'மலடி' என்ற சொல்லை நாங்களும் சொல்லியிருக்கிறோம், விஞ்ஞானம் படித்த பிறகும். அதனால்தான் இன்று இந்த விடயத்தை எடுத்தோம்.

எங்கள் உயிரியல் பாடத்தில் உட்பதித்தல் ஒரு பந்தியில் முடிந்துவிட்டது. அதற்குள் எவ்வளவு இருக்கிறது! மாதச் சக்கரத்தின் முதற் பாதியில் சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் உருவாகிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கிறது. அப்போது சுவர் தடிப்பதை நிறுத்தி, சுரப்பிகளில் ஊட்டத்தை நிரப்பி, முளையத்தை ஏற்கத் தயாராகிறது. அந்தத் தயார்நிலை சில நாட்களுக்குத்தான். முட்டை வெளியேறி ஏறத்தாழ 6 முதல் 10 நாட்களுக்குள் முளையம் ஒட்ட வேண்டும். காலம் தப்பினால் நல்ல முளையமும் நில்லாது போகும்.

எலியில் புரொஜெஸ்தரோன் மட்டும் போதாது, ஒட்டும் வேளையில் சிறிது ஈஸ்திரஜனும் வேண்டும். எங்கள் இனத்துக்குக் கிட்டிய குரங்கில் எப்படி? டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தில் டெபப்ரத கோஷ், ஜெயஸ்ரீ சென்குப்தா ஆகியோர் றீசஸ் குரங்குகளில் இதைப் பார்த்தார்கள். சூலகம் அகற்றப்பட்ட குரங்குக்கு முதலில் ஈஸ்திரஜன், பின்பு புரொஜெஸ்தரோன் மட்டும் கொடுத்து, வேறு குரங்கின் முளையத்தை வைத்தார்கள். கர்ப்பம் தங்கியது. 1994 இல் அந்த முடிவு வெளியானது. சூலகமே இல்லாத ஒரு தாய்! அந்த இடத்தில் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தோம்.

இதற்கு முன்பே கல்கத்தாவில் ஒருவர் இதே வழியில் யோசித்திருந்தார். வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாய். பல முட்டைகள் கிடைக்க ஓமோன் ஊசி போட்டால் கருப்பைச் சுவரின் ஒழுங்கு குழம்பும். ஆகவே அவர் முளையத்தை உறையவைத்து, 53 நாட்கள் பாதுகாத்து, ஊசியின் தாக்கம் இல்லாத வேறொரு சக்கரத்தில் தாயிடம் வைத்தார். 1978 ஒக்டோபர் 3 இல் பெண் குழந்தை பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதற் பரிசோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து 10 கிழமைகள்தான் ஆகியிருந்தன. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு மாற்றினார்கள். 1981 இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பின்னாளில், இந்தியாவில் முதன்முதலில் இதைச் செய்தவர் என்ற பெயர் பெற்றிருந்த ரி. சி. ஆனந்தகுமாரே அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல்வர் அவர்தான் என்று 1997 இல் வெளிப்படையாகச் சொன்னார். தன் பெயரைத் தானே விட்டுக்கொடுத்த அந்த மனிதரையும் நாங்கள் மறக்கக் கூடாது.

முளையத்தை உறையவைத்துப் பிறகு வைக்கும் முறை இன்று உலகெங்கும் சாதாரணமாகிவிட்டது. சிகிச்சைக்குப் போகிற எங்கள் தங்கைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முளையம் வைத்த பின் தருகிற புரொஜெஸ்தரோன் குளிசையைச் சத்துக் குளிசை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். சூல்வித்தகம் பொறுப்பேற்கும் வரை கருப்பைச் சுவரைத் தாங்குவது அதுதான். எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். நெடுந்தீவுக்காரர், கடல் கொந்தளித்து வள்ளம் ஓடாத நாட்களையும் எண்ணி, கூடுதலாகவே வாங்கிக்கொண்டு போங்கள்.