சீர்த்தட்டில் கைத்தையல்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



ஆடி மாதத்தில் காவிரி பெருகி வரும்போது திருவரங்கத்து நம்பெருமாள் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு எழுந்தருளுகிறார். புடவையும் மாலையும் மங்கலப் பொருள்களும் யானைமேல் வந்து, காவிரித் தாய்க்குச் சீராக ஆற்றில் சேர்க்கப்படுகின்றன. தைப்பூசத்தன்று சமயபுரத்து மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வருகிறாள். அவளுக்கு, தமையன் என்னும் உரிமையில் அரங்கநாதர் சீர் அனுப்புகிறார். தீவின் தென்கரையில் ஒரு சீர், வடகரையில் ஒரு சீர். இவ்விரண்டிலும் துணி முதலிடம் பெறுகிறது என்பதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம்.

பிறந்த வீடு பெண்ணை மறக்கவில்லை என்பதற்கு அடையாளமே சீர். ஆனால் நம் கிராமங்களில் இன்று அது படும் பாடு என்ன? வளைகாப்பு, பிள்ளைப்பேறு, காதணி விழா, மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பதினொரு தட்டு இருபத்தொன்றாகிறது, இருபத்தொன்று ஐம்பத்தொன்றாகிறது. தாய்மாமனாகப் பிறந்தவர் நகையை அடகு வைக்கிறார், வட்டிக்கு வாங்குகிறார். தட்டில் இருப்பவற்றைப் பார்த்தால், பிளாஸ்டிக் பொம்மையும், கண்ணாடித் தாள் சுற்றிய பெட்டியும், ஒரு முறை துவைத்தால் நிறம் போகும் ஆடையுமே மிகுதி. விழா முடிந்த மறுவாரமே அவற்றுள் பாதி பரணுக்குப் போய்விடுகின்றன. கடன் மட்டும் பரணுக்குப் போவதில்லை.

ஆகவே, கையால் தைத்த துணியைச் சீர்த்தட்டில் வைக்கும் வழக்கத்தை நம் ஊர்களில் ஏற்படுத்துவது பற்றி இன்று பேச விரும்புகிறோம். இது புதிய யோசனை அன்று. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி அணிவிப்பதும், தாயின் பருத்திப் புடவையில் தூளி கட்டுவதும் நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். பலமுறை துவைத்து மென்மையான பருத்தியே பச்சிளம் உடலுக்கு உகந்தது என்பதை நம் பாட்டிமார்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பருத்திக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், 'அர்கரு' என்ற ஊரிலிருந்து வந்த மெல்லிய துணிகளை அவ்வூரின் பெயராலேயே குறிப்பிடுகிறது. அது நம் உறையூரே என்று அறிஞர் கருதுவர். உறையூர்க் கைத்தறிப் பருத்திச் சேலை இன்றும் பெயர் பெற்றது. நாள் செல்லச் செல்ல மென்மை கூடுவது அத்தகைய சேலையின் குணம். உடுத்துவதற்கு ஆகாது என்று ஒதுக்கும் நிலையில்தான் அது குழந்தைக்கு மிகவும் ஏற்றதாகிறது!

அத்தகைய சேலையிலிருந்து அடுக்குத்துணி விரிப்பு ஒன்று தைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். தாய்மார்களுக்கு இது தெரிந்ததே. ஆடவர்கள் செவிகொடுத்துக் கேட்பது நல்லது.

5½ மீட்டர் புடவையை 90 சென்டிமீட்டர் நீளமாகத் துண்டித்தால் ஆறு துண்டுகள் கிடைக்கும். நைந்தும் கிழிந்தும் போன இரண்டைத் தள்ளினாலும் நான்கு மிஞ்சும். திருவரங்கத்து அகத்துப் பாட்டிமார்களின் ஒன்பது கஜச் சேலையானால் ஒன்பது துண்டுகள் தேறும். வெட்டுவதற்கு முன் துணியைக் கொதிநீரில் ஊறவைத்து, கஞ்சிப் பசை முழுதும் போக அலசி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். நான்கு துண்டுகளையும் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, ஓரங்களையும் நடுவையும் பெரிய தையலாக முதலில் தற்காலிகமாக இணைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் தைக்கத் தொடங்குவோருக்கு அடித்துணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பிறகு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் சாதாரண ஓட்டுத் தையலே போதும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, வரிக்கு வரி மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தைத்துவர வேண்டும். நெல் மூட்டையைக் கோணியூசி கொண்டு தைத்துப் பழகிய உழவர் எவருக்கும் இந்தத் தையல் வரும். வராது என்று சொல்பவர் வேலைக்கு அஞ்சிச் சொல்கிறார் என்றே கொள்ள வேண்டும்!

மேல்துண்டில் வேறு சேலைகளின் சிறு துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வைத்து ஒட்டுத் தையல் போடலாம். சோழநாட்டுத் தேர்களில் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் பாருங்கள். ஒரு நிறத் துணியின்மேல் மறுநிறத் துணியை வெட்டி வைத்துத் தைத்த வேலைதான் அது. தேரை அலங்கரிக்கும் கலை தொட்டிலுக்கும் வரட்டுமே.

குழந்தைக்கான துணியில் சில எச்சரிக்கைகள் உண்டு. சரிகை, மணி, கண்ணாடிச் சில்லு, பொத்தான் ஆகியவை கூடவே கூடா. சரிகை உடலைக் கீறும்; மற்றவை கழன்றால் குழந்தையின் வாய்க்குள் போகும். நைலான், பாலியெஸ்டர் துணிகளையும் தவிர்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளியின் கத்திரி வெயிலில் அவை வியர்வையை உறிஞ்சாமல் வேர்க்குருவை உண்டாக்கும். உள்ளே பஞ்சு அடைத்து மெத்தென்று ஆக்கவும் வேண்டா. உறங்கும் சிசுவின் முகத்தருகே தளர்ந்த போர்வையோ மெத்தென்ற தலையணையோ இருந்தால் மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஆதலின் இவ்விரிப்பை அடியில் இறுக்கமாக விரிக்கவும், விழித்திருக்கும் குழந்தையை மடியில் ஏந்தவும் பயன்படுத்தலாம். உறங்கும் குழந்தையின்மேல் தளர்வாகப் போர்த்தலாகாது. இன்னொன்று: ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதனைக் கண்டுபிடிக்கும்வரை அத்துணி வெளியே போகக்கூடாது.

பழந்துணியைச் சீராகக் கொடுப்பதா, அது அவமானம் அல்லவா என்று சிலர் கேட்பர். பீகார் மாநிலத்து முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்று ஒரு கிராமம் உண்டு. அப்பகுதியில், பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்துப் பிறந்த குழந்தையைப் பொதிந்து வைப்பது தொன்றுதொட்ட வழக்கம். 'சுஜனி' என்று அதற்குப் பெயர். அந்தத் தையலுக்கு 2006ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் இத்தகைய வேலையைக் 'காந்தா' என்பர். நாம் இழிவாகச் சொல்லும் 'கந்தை'யும் அதுவும் ஒரு வேர்ச்சொல்லிலிருந்து வந்தவையே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஏழை ஊரில், கறுப்பின உழவர் குடும்பத்துப் பெண்கள் கிழிந்த வேலையுடுப்புகளைக் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்து வந்தனர். 2002இல் அப்போர்வைகள் நியூயார்க் நகரத்து விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. ஆகவே பழந்துணியில் இழிவு இல்லை.

எனினும், நம் வழக்கத்தையும் மதிக்க வேண்டும். திருமணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் மஞ்சள் தடவிய கோடித்துணியே மங்கலம் என்பது நம்மவர் எண்ணம். அங்கே பழந்துணியை வற்புறுத்துவது வீண் சண்டையில் முடியும். அதற்குத் தையற்கடைகளில் மிஞ்சும் புதுத்துண்டுகள் இருக்கின்றன. மணப்பாறைப் பக்கத்துப் புத்தாநத்தத்தில் ஆயத்த ஆடை தைப்பது பெருந்தொழில். துணி வெட்டும் இடத்தில் துண்டுகள் விழாமல் இரா. பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களிலும் அவ்வாறே. இவற்றைக் கேட்டுப் பெற்றால், தாம்பூலப் பை, தலையணை உறை, பூஜைத் தட்டு மூடும் துணி, கைப்பிடித் துணி என எத்தனையோ தைக்கலாம். தாம்பூலப் பை பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. திருமண வீட்டில் மஞ்சள் பை கொடுத்தனுப்பிய வழக்கம் நம்முடையதுதானே? அதை மீட்க எவரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை.

இனி, காசுக் கணக்கு. இத்தகைய கூட்டங்களில், "இதனைக் குடிசைத் தொழிலாக்கலாமே, வீட்டுக்கு வீடு வருமானம் வருமே" என்று யாரேனும் எழுந்து சொல்வது வழக்கம். நாம் அவ்வாறு எளிதில் சொல்லத் துணியவில்லை. 90க்கு 115 சென்டிமீட்டர் அளவுள்ள விரிப்பில், மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்றால் ஏறக்குறைய 38 வரிகள். அதாவது 34 மீட்டர் தையல். மணிக்கு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 17 மணி நேரம், இரண்டு நாளுக்குச் சற்று மேல். 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் கூலி மட்டுமே 638 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்த விலையைக் கொடுத்து வாங்க நம் சந்தையில் எத்தனை பேர் இருக்கின்றனர்? விலையைக் குறைத்து விற்றால், குறைவது தைத்த பெண்ணின் கூலியே. அலபாமாவில் 1966இல் அப்பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று கூட்டுறவு அமைத்தபோது, தொலைநகரத்துச் செல்வர்கள் வாங்கியதனால்தான் அது ஓடிற்று. அத்தகைய சந்தை முன்கூட்டியே உறுதியாகாத வரையில், இதனை வருமானத் திட்டம் என்று சொல்லி நம் சகோதரிகளை ஏமாற்றலாகாது.

ஆனால் சீராகக் கொடுக்கும்போது இந்தக் கணக்கு வேறாகிறது. ஒருத்தி தனியே 17 மணி நேரம் தைக்கத் தேவையில்லை. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் முடியும். சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் நீர் வரும்வரை, லால்குடி, அந்தநல்லூர்ப் பக்கங்களில் பகற்பொழுது கிடைக்கிறது. மணப்பாறை, மருங்காபுரி போன்ற மானாவாரிப் பகுதிகளில் இன்னும் அதிகமாகவே கிடைக்கிறது. கடையில் வாங்கிய பத்துத் தட்டுகளுக்குப் பதிலாக இந்த ஒரு தட்டை முதன்மையாக வைக்க ஊரார் ஒப்புக்கொண்டால், ஒரு குடும்பத்தின் கடன் சில ஆயிரங்களேனும் குறையும். ஒரே வீட்டார் தொடங்கினால் கஞ்சத்தனம் என்பார்கள். ஊரே தொடங்கினால் வழக்கம் என்பார்கள். ஆதலின் இது ஊராட்சியின் வேலையும் ஆகிறது.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையை அறியாதார் இங்கே இல்லை. செட்டிப் பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து தாய் வந்துகொண்டிருக்கிறாள். காவிரியில் வெள்ளம் வழிமறித்துவிட்டது. அப்போது இறைவனே தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தான் என்பது தலபுராணம். நம் ஊராட்சிகளிலும் தாய்வீடு வரமுடியாத பெண்கள் இருக்கின்றனர். தாய் இறந்திருக்கலாம், சாதி மாறி மணந்ததால் வீட்டார் கதவடைத்திருக்கலாம், செங்கல் சூளை வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பமாக இருக்கலாம். அப்பெண்ணின் சீர்த்தட்டு காலியாக இருக்கும். அரசின் சமுதாய வளைகாப்பு விழாக்களில் கருவுற்ற தாய்மார்களுக்கு வளையலும் சேலையும் தருகிறார்கள். அதனுடன், ஊரார் கையால் தைத்த விரிப்பு ஒன்றையும் ஊராட்சி சேர்த்தால் என்ன?

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. கருவுற்றிருக்கும் தாய்மார்களின் விவரம் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் உண்டு. எத்தனை விரிப்பு, எந்த மாதத்துக்கு வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டு அறியலாம். பெயர்ப் பட்டியலை ஊரெங்கும் படிக்க வேண்டியதில்லை. கிராம சபையில் ஒரு தீர்மானமும், துவைத்த பருத்திச் சேலைகளைச் சேர்த்து வைக்க ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு பெட்டியும், மகளிர் சுய உதவிக் குழுவில் நன்கு தைக்கத் தெரிந்த இருவர் பொறுப்பேற்பதும் போதும். தருகிற சேலை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எவரும் கேட்கக்கூடாது என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது. துணியில் தீட்டுப் பார்க்கும் பேச்சு எழுந்தால் திட்டம் அன்றே முடிந்துபோகும். ஊராட்சித் தலைவர் எவராயினும், தம் வீட்டுச் சேலையை முதலில் பெட்டியில் இடட்டும்.

மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன்னதாகவே பத்துச் சேலைகள் சேர்ந்திருந்தால், அன்றே வெட்டித் தைக்கத் தொடங்கலாம். நூலும் ஊசியும் வாங்க ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. கரையிலிருந்து உருவிய இழையே வலுவாக இருந்தால் நூல்கூட வாங்க வேண்டியதில்லை. ஊசிகளுக்கு மட்டும், எண்ணி வைக்க ஒரு டப்பா வேண்டும்.