எண்ணூர்க் கழியும் நம் குழந்தைகளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறித்தளிக்கப்பெற்ற பொருள், “விடுமுறை நாட்களில் இளங்குழந்தைகளை இயற்கை வளமுள்ள இடங்களுக்கு அழைத்துச் செல்லுதல்” என்பதாம். உத்தியோகம், விவாகம், கல்வி உதவிநிதி முதலிய பெருங்காரியங்களை ஆராயும் இச்சபையில் பறவையையும் நண்டையும் பற்றிப் பேசுதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் நினைத்தல் கூடும். யாமும் முன்னர் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற தை மாதத்தில் நம் சங்கத்துக் குழந்தைகள் பதினால்வரை அழைத்துச் சென்று திரும்பிய பின்னரே எம் எண்ணம் மாறிற்று. மாறியது எவ்வாறென்பதை உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

நம்மவருட் பெரும்பாலோர் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிற் குடியிருப்பவர்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ரயில்வேயிலும் உழைப்பவர்கள். நம் குழந்தைகள் காலையில் எழுந்தவுடன் காண்பது கண்டெய்னர் லாரிகளின் வரிசை. கேட்பது அவற்றின் ஒலி. ஞாயிற்றுக்கிழமை வந்தால், “எங்கேயாவது கூட்டிப் போங்கள்” என்று அவர்கள் கேட்பதும், நாம் குளிர்சாதனம் பொருந்திய பெருங்கடைகளுக்கு அழைத்துச் சென்று பணத்தைச் செலவிட்டு மீள்வதும் வழக்கமாகிவிட்டன. அதனைக் குறைகூற யாம் வரவில்லை. அதனினும் குறைந்த செலவில், அதனினும் நெடுங்காலம் மனத்தில் நிற்கத்தக்க இடங்கள் நமக்கு அண்மையிலேயே உள்ளன என்று மட்டும் சொல்ல வந்தோம்.

முதலாவது கிண்டி. 2021-ஆம் ஆண்டில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரையில் நீட்டப்பெற்றபின், திருவொற்றியூரில் ஏறிய குழந்தை வண்டி மாறாமலே சின்னமலையில் இறங்கலாம். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காடு, இரண்டே முக்கால் சதுர கிலோமீட்டருக்கு மேற்படாதது. நாற்புறமும் நகரம் சூழ்ந்தது. எனினும் அதனுள்ளே புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. அதனை அடுத்துச் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் உண்டு. மிகச் சிறு குழந்தைகளுக்கு இதுவே ஏற்ற தொடக்கமாகும்.

இரண்டாவது பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி செல்லும் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிற் செல்லலாம். நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது இது. இதில் தமிழ்நாட்டின் எல்லைக்குட்பட்ட பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பெற்றது.

இவ்விரண்டையும் பலர் அறிவர். யாமும் பழவேற்காட்டிற்கே புறப்பட்டோம். ஆனால், போகும் வழியில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பாஷணை எம் பிரயாணத்தையே மாற்றியது. எண்ணூர் ஸ்டேஷனைக் கடந்து வண்டி கொசஸ்தலையாற்றுப் பாலத்தின்மேற் செல்லும்போது, இருபுறமும் அகன்ற நீர்ப்பரப்புத் தோன்றிற்று. எண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நோக்கி, “இங்கே என்ன பறவைகள் வரும், அம்மா?” என்று வினவினோம். அவள், “அது நாற்றத் தண்ணீர், அங்கே ஒன்றும் இல்லை. பறவை எல்லாம் பழவேற்காட்டில்தான் இருக்கும்” என்றாள்.

அவ்விடை எம்மை வருத்திற்று. அக்குழந்தை அதனைத் தானே கண்டு சொல்லவில்லை; நாம் சொல்லக் கேட்டுச் சொன்னாள். இயற்கை என்பது சீட்டு வாங்கிக்கொண்டு சென்று காணவேண்டிய வேற்றூர்ப் பொருள் என்றும், நம் வீட்டிற்குப் பின்னுள்ளது கழிவுநீர் என்றும் நாமே அவர்களுக்குக் கற்பித்துவிட்டோம். ஆதலின், பழவேற்காட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்து, அத்திப்பட்டிலேயே இறங்கி அடுத்த வண்டியில் எண்ணூருக்குத் திரும்பினோம்.

கழியின் முகத்துவாரத்தை அடைந்தபோது நீர் வற்றும் வேளை. சேற்றுத் திட்டுக்கள் வெளிப்பட்டிருந்தன. கால்மணி நேரம் பேசாமல் நிற்கும்படி குழந்தைகளைக் கேட்டுக்கொண்டோம். ஒன்றும் இல்லை என்று சொல்லப்பெற்ற இடத்தில் அவர்கள் எண்ணியவை: கொக்கு பதினேழு, நீர்க்காகம் ஆறு, கூழைக்கடா நான்கு, மீன்கொத்தி ஒன்று, சேற்றில் ஓடியாடிய உள்ளான்களோ எண்ணிக்கையில் அடங்கவில்லை. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், யாரையோ அழைப்பனபோல அதனை உயர்த்தி உயர்த்தி ஆட்டின. குழந்தைகளும் தம் கைகளை அவ்வாறே ஆட்டி விடையளித்தனர்.

கரையில் எஞ்சியிருந்த அலையாத்தி மரங்களின் அடியில், சேற்றினின்று விரல்கள்போல மேனோக்கி எழுந்து நின்றவற்றைக் கண்டு, “இவை என்ன?” என்றனர். அவை மூச்சுவேர்கள். சேற்றினுள் காற்றில்லாமையால் மரம் தன் வேரை வெளியே நீட்டிக் காற்றை ஏற்கின்றது. உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகின்றது. வெயிலில் இலையை உற்று நோக்கினால் உப்பின் பொடி மின்னுதலைக் காணலாம். அலையை ஆற்றுதலால் அலையாத்தி என்னும் பெயர் பெற்றது இம்மரம். கடலிற் பிறக்கும் இறால் குஞ்சுகள் இத்தகைய கழிகளுட் புகுந்து, இவ்வேர்களின் மறைவில் வளர்ந்து, பின்னரே கடலுக்கு மீள்கின்றன. காசிமேட்டில் நாம் விலை பேசி வாங்கும் இறாலுக்குத் தொட்டில் எதுவென்று அன்றுதான் அக்குழந்தைகள் அறிந்தனர். உண்மையைச் சொன்னால், எம்முடன் வந்த பெரியோர் சிலரும் அன்றுதான் அறிந்தனர்.

அப்பால் தாழங்குப்பத்தின் வழியே நடந்தோம். பெயரைக் கேட்ட ஒரு சிறுவன், “தாழை எங்கே?” என்றான். மற்றொருவன் எதிர்க்கரையைச் சுட்டி, “காட்டுப்பள்ளி என்கின்றீர்களே, காடு எங்கே?” என்றான். 1970-இல் உற்பத்தியைத் தொடங்கி 2017-இல் மூடப்பெற்ற அனல்மின் நிலையத்தையும், 2001-இல் திறக்கப்பெற்று இப்போது காமராஜர் பெயரைத் தாங்கிநிற்கும் துறைமுகத்தையும், சாம்பல் படிந்த நீர்நிலைகளையும் காட்டினோம். இவற்றால் நம்மவர் பலர் பிழைக்கின்றனர் என்பதையும் மறையாது கூறினோம். குழந்தைகளிடம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுதல் முறையன்று.

ஒரு வீட்டின் சுவரில் கருமையான கோடொன்று நெடுக ஓடிற்று. முன்சொன்ன சிறுமி அதனருகே நின்று அளந்தாள். அவள் மார்பளவு இருந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலைப்பகுதியினின்று எண்ணெய் கலந்து இக்கழியில் பரவியதையும், கூழைக்கடாக்களின் வெண்சிறகு கறுத்ததையும், வலைகளும் படகுகளும் பாழானதையும் நீங்கள் அறிவீர்கள். “இந்தக் கோடு வரைக்கும் வந்தது தண்ணீரா, எண்ணெயா?” என்று கேட்டாள் அச்சிறுமி. “இரண்டும்” என்றோம். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு கோடு வரைந்து, அதனருகே தன்னையும் வரைந்துகொண்டாள்.

அவ்வீட்டுத் திண்ணையிலிருந்த முதியவர், மீன்பிடித்தே வாழ்ந்தவர். அவரை நோக்கி, “பெரியவரே, உங்கள் பேரப்பிள்ளைகளும் கழிக்குப் போவதுண்டோ?” என்று வினவினோம். அவர், “பேத்தியை இந்தத் தண்ணீரில் இறங்க விடமாட்டேன், ஐயா. ஆனால் கரையில் நிறுத்தி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர்கூடத் தெரியாவிட்டால், நாளைக்கு இது போனாலும் போனதென்று அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றார். யாம் ஒரு மணிநேரம் பேசியும் உணர்த்தமாட்டாததை அவர் ஒரு வார்த்தையில் உணர்த்தினார்.

“பாழ்பட்ட இடத்தைப் பிஞ்சுக் குழந்தைகளுக்கு ஏன் காட்டவேண்டும்? அழகியவற்றை மட்டும் காட்டினாற் போதாதோ?” என்று நம் சங்கத்துப் பெரியார் ஒருவர் எம்மைக் கடிந்தார். அன்பினால் எழுந்த கேள்வி அது. அதற்கு வேடந்தாங்கலின் வரலாற்றை விடையாகக் கூறினோம், உங்களுக்கும் கூறுகின்றோம்.

செங்கற்பட்டைச் சார்ந்த அச்சிற்றூரார், தம் ஏரிக்கு வரும் பறவைகளின் எச்சத்தால் நீர் உரமேறி வயல் விளைவதை அனுபவத்தில் அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுடத் தொடங்கியபோது, அவ்வேழைக் குடியானவர்கள் வாளாவிருந்திலர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்பகுதிக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உரிமைச் சாசனத்தைப் பெற்றனர். அரசாங்கம் அதனைச் சரணாலயமாக ஏற்றதோ 1936-இல். ஏறக்குறைய நூற்றுநாற்பது வருஷம் முற்பட்டு, ஊரார் காவலே முந்தி நின்றது. அவர்கள் காத்தது ஏன்? தம் ஏரியைத் தாம் அறிந்திருந்தமையால். அறியாத பொருளுக்காக எவரும் கலெக்டர் கச்சேரி வாயிலில் நின்றதில்லை.

எண்ணூர்க் கழிக்குச் சரணாலயம் என்னும் பெயர்ப்பலகை இல்லை. ஆயினும், கொசஸ்தலையாற்றின் வெள்ளம் கடலுக்கு வடியும் வாய் அதுவே. அது தூர்ந்தால் மழைக்காலத்தில் நீர் நிற்பது நம் வீடுகளில். அதனை அறிந்த தலைமுறை ஒன்று வேண்டும். அத்தலைமுறை இப்போது நம் வீட்டில் தொலைபேசியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டிற்குச் சென்றோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி இரைதேடின. அவற்றின் செந்நிறம் உண்ணும் உணவினால் வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறமுடையன என்று சொன்னபோது, குழந்தைகள் வியந்தனர். அங்குள்ள மீனவர் ‘பாடு’ என்னும் முறையால், இன்ன நாளில் இன்னவர் இன்ன இடத்தில் வலையிடுவதென்று முறைவைத்து நீரைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தையும் கேட்டறிந்தோம். ஆனால், அன்று எம் நெஞ்சைத் தொட்டது அச்சிறுமியின் கேள்வியே. “பக்கிங்ஹாம் கால்வாய் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் போகிறதாமே, அப்படியானால் இங்கே உள்ள பறவை நம் கழிக்கும் வரலாம் அல்லவா?” என்றாள். “நாற்றத் தண்ணீர்” என்றவள் “நம் கழி” என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் பயன் இதுவே.

இனி, அழைத்துச் செல்வோர் கவனிக்கவேண்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம்.

கார்த்திகை முதல் மாசி வரையுள்ள மாதங்களே ஏற்றவை. வலசைப் பறவைகள் அப்போது மிகுதி. காலை ஆறரை மணிக்குள் சென்று, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். சிறு குழந்தைக்கு இரண்டு மணி நேரம் போதும். நீர் வற்றும் வேளையை மீனவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுதல் நன்று. குடிநீரும் தலைக்குத் தொப்பியும் வேண்டும். பளிச்சென்ற நிற உடை வேண்டா. எண்ணூரில் கரையினின்றே காண்க. நீரிலும் சேற்றிலும் இறங்குதல் கூடாது. திரும்பியவுடன் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுக. பழவேற்காட்டில் ஒருவர் அழைத்தாரென்று படகேறுதல் ஒருபோதும் வேண்டா. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அங்கே உல்லாசமாய்ச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை மறத்தலாகாது. ஐந்து குழந்தைக்கு ஒரு பெரியவரேனும் உடனிருத்தல் வேண்டும்.

ஒரே நாளில் எல்லாப் பெயர்களையும் கற்பிக்க முயலாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பறவை, ஒரு மரம், ஒரு நண்டு போதும். தெரியாததைக் குழந்தை கேட்டால், “எமக்கும் தெரியாது, கேட்டறிவோம்” என்று சொல்ல நாணாதீர்கள்.

சபையோர்களே! சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் குழந்தைகள் எண்ணூர்க் கழிக்கரைக்குச் சென்று, கண்டவற்றை எண்ணி எழுதிவரட்டும். அக்குறிப்புக்களைச் சங்கத்து வாசகசாலையில் ஆண்டுவாரியாகக் கட்டிவைப்போம். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், இன்ன பறவை வந்தது, இன்னது வரவில்லை என்று எவரேனும் கேட்டால், நம் பிள்ளைகள் தம் கையெழுத்தைக் காட்டிப் பேசுவார்கள். இதற்கு நூறு பக்க நோட்டுப் புத்தகமும் ரயில் கட்டணமுமே செலவு.

முதற்புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சுவர்க்கோடும், அதனருகே நிற்கும் ஒரு சிறுமியும் வரையப்பெற்றிருக்கின்றனர். எஞ்சிய பக்கங்களை நிரப்புதற்கு உங்கள் குழந்தைகளை அனுப்பியருள வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.