பாலாறு எவ்வளவு தாங்கும்?



காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு பாலம் வழியாகத் தெற்கே போகும் பேருந்துகளில், பாலம் வந்ததும் ஜன்னலோரம் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வருடத்தில் பெரும்பாலான நாட்களில் மணலும் சீமைக்கருவேலமும் தவிர ஒன்றும் தெரியாது. அதற்காக ஆறு செத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. ஓரிக்கையில் ஆற்றுப்படுகைக் கிணறுகள் காஞ்சிபுரத்துக்குக் குடிநீர் தருவது அந்த அடிநீரால்தான். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் ஆற்றைக் கடந்து ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறாரே, அந்தக் கிணற்றின் அடியில் இருக்கும் மண்டபத்தில் நின்ற தண்ணீரை இறைத்த பிறகுதான் பெருமாளை உள்ளே எழுந்தருளப் பண்ண முடிகிறது. மேலே வறண்ட மணல், கீழே ஊற்று. இந்தப் பக்கத்து விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊற்றுக்கால் வெட்டிப் பாய்ச்சிய பரம்பரை அது.

மணலுக்கு அடியில் ஓடுகிற ஆற்றில் ஒரு சங்கடம் உண்டு. அதில் கலக்கும் கழிவு வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவதில்லை. மணலில் இறங்கி, அங்கேயே தங்கி, கிணறு கிணறாக நகர்கிறது. ஆகவே பாலாற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ஆறு ஒரு வருடத்துக்கு எவ்வளவு கழிவைத் தாங்கும் என்பது. அந்த எண் இன்றுவரை நம் கையில் இல்லை. இன்றைய உரை அந்த இல்லாத எண்ணைப் பற்றியதுதான்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில் கடலோடு சேர்கிறது பாலாறு. வழியில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் பெயர்களைத் தோலோடு சேர்த்தே உலகச் சந்தை அறிந்திருக்கிறது. ஆம்பூர்க் காலணி ஐரோப்பாவுக்குப் போகிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு, அதிலும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, அதுதான் சோறு. எனவே தோல் தொழிலை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவன் நான் அல்ல.

ஆனால் தோல் எப்படிப் பதமாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உரித்த உடனே அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் தொழிற்சாலைக்கு வருகிறது. அங்கே முதல் வேலை ஊறவைப்பது. அந்த ஊறல் தண்ணீரிலேயே தோலோடு வந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். அதன் பிறகு சுண்ணாம்பு, சல்ஃபைடு, அமிலம், கடைசியில் குரோமியம். குரோமியத்தை வண்டலாகப் படியவைத்துப் பிடிக்கலாம். அழுகும் பொருளை நுண்ணுயிர்களிடம் விட்டுத் தீர்க்கலாம். உப்பு மட்டும் எதற்கும் மசியாது. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்னாது. எத்தனை தொட்டியில் மாற்றி ஊற்றினாலும் உள்ளே வந்த உப்பு வெளியே போகும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறித்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசு செய்தவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அதில்தான் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலையும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டச் சொன்னார்கள். பாதிப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். அது 2001-இல் 29 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. கிணறு உவர்த்துப்போய், தென்னை பட்டுப்போய், விவசாயத்தை விட்டவருக்குக் கிடைத்த விலை அது. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் தீர்ப்பு அது. ஆனால் அது ஆற்றுக்கு ஒரு வரம்பு வைக்கவில்லை. குழாய்க்குத்தான் வைத்தது. கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு, அதாவது இப்போது நம் வீட்டுத் தண்ணீர் மெஷின்காரர்கூடச் சொல்கிற டி.டி.எஸ்., லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அந்த வரையறையை எல்லாத் தொழிற்சாலைகளும் மதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கேட்கக் கறாராகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பக்கத்தில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குச் சரியாக 2100 மில்லிகிராம். சட்டத்தை ஒரு மில்லிகிராம்கூட மீறவில்லை. அப்படியும் அன்றைக்கு ஆற்றில் இறங்குவது 210 கிலோ உப்பு. இப்படி நூறு தொழிற்சாலைகள் இருந்தால் தினம் 21 டன். ஒரு வருடத்துக்கு ஏழாயிரத்து அறுநூறு டன்னுக்கு மேல். நூறு பேரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், ஒருவர் மேலும் வழக்குப் போட முடியாது. ஒரே ரசத்தில் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு கை அளவாக உப்புப் போட்டால், யார் மேல் குற்றம் சொல்வது? இன்னொரு வழியும் இருக்கிறது. கழிவில் 4200 மில்லிகிராம் இருந்தால், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இன்னொரு பங்கு தண்ணீரை இறைத்துக் கலந்தால் போதும், சோதனைக் குடுவையில் அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆற்றுக்குப் போகும் உப்பு ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது, நிலத்தடி நீர்தான் வீணாகியிருக்கும்.

லிட்டருக்கு இவ்வளவு என்பது ஒரு கணக்கு, வருடத்துக்கு மொத்தம் இவ்வளவு என்பது வேறு கணக்கு. நம்மிடம் இருப்பது முதல் கணக்கு மட்டும்.

இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கிழக்குக் கரையில் செசபீக் என்று ஒரு விரிகுடா, அந்த நாட்டின் மிகப் பெரிய கழிமுகம். நண்டுக்கும் சிப்பிக்கும் பேர்போனது. அதற்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு ஒன்றே கால் தமிழ்நாடு இருக்கும், ஆறு மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அதில் அடக்கம். வயல் உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்து கொட்ட, பாசி பெருகி, அது மக்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, கோடைதோறும் மீன் வாழ முடியாத மண்டலங்கள் உண்டாயின. 1983-இலும் 1987-இலும் 2000-இலும் மாநிலங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. எல்லாம் மனமுவந்து செய்யும் ஒப்பந்தம், அதாவது செய்யாவிட்டாலும் யாரும் கேட்க முடியாத ஒப்பந்தம். விரிகுடா தேறவில்லை.

2010 டிசம்பர் 29 அன்று மத்திய சுற்றுச்சூழல் முகமை கட்டாய வரம்பு விதித்தது. விரிகுடாவுக்குள் வருடத்துக்கு எட்டுக் கோடியே நாற்பத்து மூன்று லட்சம் கிலோ நைட்ரஜன் வரலாம், அதற்கு மேல் கூடாது. பாஸ்பரஸுக்கும் வண்டலுக்கும் இப்படியே தனித்தனி உச்சவரம்பு. முதலில் தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று கணித்தார்கள், பிறகு அதை மாநிலவாரியாக, ஆற்றுவாரியாகப் பங்கு பிரித்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பென்சில்வேனியா மாநிலத்துக்கு விரிகுடாவில் ஓர் அடி கரைகூடக் கிடையாது. ஆனால் அந்த மாநிலத்தின் வழியாக வரும் சஸ்குவஹானா ஆறுதான் விரிகுடாவின் நன்னீரில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. கடலைப் பார்க்காத விவசாயியும் கடலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. விவசாயச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரம்பு செல்லும் என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

அங்கே எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025-க்குள் முடிக்க வேண்டிய வேலை முடியவில்லை. நகரங்களின் கழிவுநீர் நிலையங்கள் தங்கள் பங்கை நன்றாகவே குறைத்துவிட்டன, வயல்வெளிகள் பின்தங்கிவிட்டன. ஆனால் யார் பின்தங்கினார்கள், எத்தனை கிலோ பின்தங்கினார்கள் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. வாயலூர்க் கழிமுகத்துக்கு வாணியம்பாடியின் பங்கு எவ்வளவு, வேலூர்ச் சாக்கடையின் பங்கு எவ்வளவு, காஞ்சிபுரத்தின் பங்கு எவ்வளவு என்று நம்மால் சொல்ல முடியுமா?

காஞ்சிபுரம் என்று ஏன் சேர்த்தேன் என்றால், மேற்கே கையை நீட்டிக் குற்றம் சொல்வது நமக்குச் சுலபமாக வருகிறது. வேகவதி யாருடைய ஆறு? பட்டுச் சாயமும் வீட்டுச் சாக்கடையும் கலந்து, கரையெல்லாம் ஆக்கிரமிப்பாகி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிற அந்தச் சிற்றாறு நம்முடையதுதான். செய்யாறும் சேர்ந்து மூன்று ஆறுகள் கூடும் அந்த இடத்தில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. பதினைந்து படுக்கை, ஒரு வைத்தியர், மருந்துப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கின்றன. நோயாளிக்குக் கொடுக்க அன்று அந்தக் கூடுதுறைத் தண்ணீரைத்தான் மொண்டிருப்பார்கள்.

மேற்கே நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பிறகு திரவக் கழிவே வெளியே விடாத முறை வந்தது. கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, நல்ல தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக்கிவிடுவது. ஒழுங்காக நடந்தால் நல்ல முறைதான். ஆனால் அந்தக் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. நிலைய வளாகங்களிலேயே குவிந்து கிடக்கிறது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் ஒரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். ஆற்றில் விடாதே என்றால் கழிவு மறைந்துவிடுவதில்லை, வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. மொத்த வரம்பு என்பது அந்த இடத்தையும் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடியும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள், தொழிற்சாலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையுங்கள் என்று உத்தரவு. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. குழு என்ன செய்யும் என்பதைவிட, எதை அளக்கும் என்பதில்தான் என் கவலை. ஊர் ஊராகப் போய்க் குழாய்களை மட்டும் சோதித்துவிட்டு வந்தால் பழைய கதைதான். பாலாற்றில் பெரும்பாலும் மேலே நீரோட்டம் இல்லாததால், செசபீக் கணக்கை அப்படியே எடுத்துப் போடவும் முடியாது. இங்கே அளக்க வேண்டியது மணலுக்குக் கீழே இருக்கும் நீரின் உப்பை, ஒவ்வொரு பருவத்திலும், அதே கிணறுகளில். அந்த அளவு எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி, மேலே இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் டன் கணக்கில் பங்கு பிரிக்க வேண்டும்.

கணக்குக் கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு நிற்கக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். உறவினரையும் சேர்த்து விலக்கியது கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றும். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஆட்களைத் தெரிந்திருந்தது.

எங்காவது தொடங்க வேண்டும் என்றால், நான் வேகவதியில் தொடங்கச் சொல்வேன். மூன்று மாநிலம் உட்கார்ந்து பேச வேண்டாம், உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டாம். ஒரே மாவட்டத்துக்குள் ஓடி முடிகிற ஆறு அது. திருமுக்கூடலுக்குச் சற்று முன்னால் நீரோட்டத்தையும் அழுக்கையும் மாதாமாதம் அளந்து, இரண்டையும் பெருக்கினால், காஞ்சிபுரம் பாலாற்றுக்கு அனுப்புவது எத்தனை டன் என்று தெரிந்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆய்வகம் இருக்கிறது, நீர்வளத் துறையிடம் நீரளக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அந்த எண்ணை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டு, ஐயங்கார்குளம் மாதிரி ஆற்றோர ஊராட்சிகள் அங்கே தீர்மானம் போடலாம். பதில் வராவிட்டால் அடுத்த கிராம சபை மே முதல் தேதி.